மீட்புத் தன்னார்வலர்களின் வெஸ்ட்டும் முதுகுப்பையும்: அணிந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது, மீட்புத் தன்னார்வலர்களுக்கு உபகரணங்கள் வழங்கும் விழாப் படங்கள் மாவட்டச் செய்திப் பக்கங்களில் வரத் தொடங்குகின்றன. அவற்றில் அதிகம் தென்படுவது கறுப்பு நிறத்திலோ ராணுவச் சீருடைத் துணியிலோ தைக்கப்பட்ட, மார்பு முழுவதும் சிறு பைகள் தொங்கும் வெஸ்ட். நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டத்தில் ஒரு தன்னார்வலர் குழுவின் பொருள்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன். கொடுப்பவர்களின் மனத்தில் குறையில்லை. வாங்கும் பொருள்தான் எங்கள் மலைக்கும் மழைக்கும் பொருந்தவில்லை.

அந்த வெஸ்ட் துப்பாக்கி ரவைப் பெட்டிகளைச் சட்டென எடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. குறுக்கே வரிவரியாக நாடா தைத்து, வேண்டிய இடத்தில் பைகளைக் கோத்துக்கொள்ளும் 'மோலி' முறையை அமெரிக்க ராணுவம் 1990-களின் இறுதியில் கொண்டுவந்தது. நம் ஊர்ச் சந்தைக்கு வரும் மலிவான வெஸ்ட்டுகள் அதன் தோற்றத்தை மட்டும் பின்பற்றியவை. நிலச்சரிவு நடந்த இடத்தில் தேடுபவர் சேற்றில் குப்புறப் படுத்து, இடிபாட்டுக்குள் காதை வைத்துக் கேட்க வேண்டியிருக்கும். வழுக்கும் சரிவில் அடுத்த அடி எங்கே விழுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். நான்கைந்து பேருடன் சேர்ந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு இடையே இறங்க வேண்டியிருக்கும். மார்பில் புடைத்துக்கொண்டிருக்கும் பைகள் முதல் வேலையில் சிக்கிக்கொள்கின்றன, இரண்டாவதில் பாதங்களை மறைக்கின்றன, மூன்றாவதில் ஸ்ட்ரெச்சரின் கம்பியில் இடிக்கின்றன. வெல்க்ரோ ஒட்டுகளில் சேறு புகுந்துவிட்டால் அரை மணி நேரத்தில் அவை ஒட்டுவதையே நிறுத்திவிடும்.

நீர்தான் இதைவிடப் பெரிய ஆபத்து. 2024 ஜூலை 30 அதிகாலையில் கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியைப் புரட்டிப்போட்ட நிலச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டவர்களின் உடல்கள் பல, மலப்புரம் மாவட்டத்தில் சாலியாற்றின் கரைகளில் மீட்கப்பட்டன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணில் புதைந்தபோதும், தேடுதல் ஆற்றோரமாகக் காட்டுக்குள் பல கிலோமீட்டர் நீண்டது. ஆக, எங்கள் பகுதியில் நிலச்சரிவுத் தேடுதல் என்பது பெரும்பாலும் ஆற்றங்கரைத் தேடுதலாகவும் மாறிவிடுகிறது. ஆற்று வேலைக்குப் பரவலாகப் பயன்படும் மிதவை உடுப்பு ஒன்றின் மிதக்கும் திறன் 50 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோவை மேலே தூக்கிப் பிடிக்கும் அளவு. உடல் தண்ணீரில் பெரும்பாலும் தானே மிதப்பதால், தலையை மேலே வைத்திருக்க அந்த ஐந்து கிலோ போதுமானது. ஆனால் அதன் அடியில் இரும்புக் கொளுவிகள், கத்தி, கைக்கோடரி, வாக்கிடாக்கி என்று மூன்று கிலோ தொங்கும் வெஸ்ட்டை ஒருவர் அணிந்திருந்தால், மிதவையின் ஏறத்தாழ பாதிப் பலன் அங்கேயே போய்விடுகிறது. ஆபத்து நேரத்தில் வெஸ்ட்டைக் கழற்றலாம் என்றால், மேலே மிதவை உடுப்பு இறுக்கிக் கட்டியிருக்கிறது. நீரோரம் செல்பவர் மிதவை உடுப்பையே மேல் உடுப்பாக அணிந்து, விசில், சிறு டார்ச், நாடா அறுக்கும் கத்தி ஆகியவற்றை மட்டும் அதன் பைகளில் வைத்துக்கொள்வதே முறை.

கயிற்றில் தொங்கும்போதும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. சூரல்மலையில் பாலம் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் குழுமம் இரும்புத் துண்டுகளைப் பூட்டி விரைவில் அமைக்கும் பெய்லி பாலத்தை 190 அடி நீளத்துக்குக் கட்டி முடிக்கும் வரை, அக்கரைக்கு மருத்துவ உதவி கயிற்றின் வழியாகவும் போக வேண்டியிருந்தது. அப்படிக் கடந்து சென்று காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த கூடலூர்ச் செவிலியர் ஒருவருக்குத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது வழங்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கனமான பையை முதுகில் மாட்டிக்கொண்டு, உடலைக் கயிற்றோடு பிணைக்கும் பட்டையான ஹார்னஸில் தொங்கினால் பை மேலுடலைப் பின்னால் சாய்த்துவிடும். அதைக் கழற்றி ஹார்னஸின் கொளுவியில் கீழே தொங்கவிட வேண்டும், அல்லது தனியே அனுப்ப வேண்டும். அதற்குப் பையின் உச்சியில் இழுத்தாலும் பிய்யாத உறுதியான பிடி தேவை. விலை குறைந்த பைகளில் முதலில் பிய்வது அந்தப் பிடிதான். மேலும், தடித்த இடுப்புப் பட்டையும் ஹார்னஸும் ஒரே இடத்தில் உட்காருபவை. ஆகவே பட்டையைக் கழற்றித் தனியே வைக்கக்கூடிய பையைக் கயிற்று வேலை செய்பவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் கருத்தில், வெஸ்ட்டுக்குச் செலவிடும் தொகையைக் குறைத்து முதுகுப்பைக்குக் கூட்ட வேண்டும். உடனடியாகக் கைக்கு வேண்டியவை மட்டும் மார்பில் இருக்கட்டும்: வாக்கிடாக்கி, விசில், கையுறை, குறிப்பேடு. இதற்கு வலைத்துணியில் தைத்த இலகுவான வெஸ்ட்டோ, வாக்கிடாக்கிக்கான மார்புப் பட்டையோ போதும். ரெயின்கோட்டுக்கு மேல் கனத்த துணியில் இன்னொரு அடுக்கைப் போட்டு மலையேறினால், மழை நனைக்காத இடத்தையும் வியர்வை நனைத்துவிடும். மற்ற எல்லாம் முதுகுக்குப் போக வேண்டும். ஒரு பகல் தேடுதலுக்கு 25 முதல் 35 லிட்டர் கொள்ளளவு போதுமானது. பெரிய பை வாங்கினால், இடம் இருக்கிறதே என்று அதையும் நிரப்பிவிடுவோம்.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தூக்குபவரின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது மலையேறுபவர்கள் பரவலாகக் கைக்கொள்ளும் அளவு. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 11 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. 11 மில்லிமீட்டர் கயிறு 50 மீட்டர் நீளத்துக்கு உலர்ந்த நிலையிலேயே நான்கு கிலோ அளவு வரும், நனைந்தால் இன்னும் கூடும். முதலுதவிப் பொருள்கள், உணவு, மாற்றுடை, தார்ப்பாய் ஆகியவற்றைச் சேர்ப்பதற்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. கயிறு தூக்குபவர் வேறு, முதலுதவிப் பெட்டி தூக்குபவர் வேறு என்று குழுவுக்குள் பிரித்துக்கொண்டால்தான் இது நடக்கும். எல்லோருக்கும் எல்லாப் பொருள்களும் அடங்கிய ஒரே மாதிரிப் பை என்பது விழா மேடையில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்தச் சுமை எங்கே இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. நல்ல பையில் எடையின் பெரும்பகுதி இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். தோள்பட்டைகள் பையை உடலோடு ஒட்டிப் பிடிப்பதற்கே. பள்ளிப் பை போல மெல்லிய நாடாவை இடுப்பில் கட்டிவிட்டு அதை இடுப்புப் பட்டை என்று விற்கிறார்கள். எங்கள் தோட்டங்களில் பறித்த கொழுந்தைச் சுமக்கும் பெண்கள், பாரம் முதுகில் எந்த இடத்தில் படிய வேண்டும் என்பதை எந்தக் கடைக்காரரையும்விடத் துல்லியமாக அறிவார்கள். தன்னார்வலர்களில் பலர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தாம். பையின் அளவை ஆளின் உயரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கழுத்தின் அடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு வரை, தையல்காரரின் நாடாவால் முதுகை அளக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இந்த அளவு மாறுபடுவது சாதாரணம். பெண் தன்னார்வலர்கள் கூடி வரும் இக்காலத்தில் ஆண்களின் நடுத்தர அளவு ஒன்றை மட்டும் மொத்தமாக வாங்குவது, வாங்கியதில் ஒரு பங்கைப் பீரோவில் பூட்டி வைப்பதற்குச் சமம்.

நிறத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கறுப்பும் பச்சைப் புள்ளியும் மூடுபனியில் மறைந்துவிடும். அந்த நிறத்தில் சேற்றில் நிற்பவரை ஜேசிபி ஓட்டுநர் பார்க்க முடியாது. செம்மண் சேற்றின் பின்னணியில் ஆரஞ்சைவிட ஒளிரும் மஞ்சள்பச்சை எடுப்பாகத் தெரிகிறது என்பது எங்கள் பார்வை. ஒளிரும் நிறம் பகலுக்கு மட்டுமே உதவும். இரவில் வேலை செய்வது டார்ச் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பட்டைகள்தாம். வெஸ்ட் வாங்குபவர்கள் அதன் முதுகில் அகலமான பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிட்டு, அதன் மேல் கறுப்புப் பையை மாட்டி அந்தப் பட்டையை மூடிவிடுகிறார்கள். பையிலும், பைக்கு மேல் போடும் மழை உறையிலும் பட்டை இருக்க வேண்டும். நன்கொடையாளரின் பெயரை அச்சிடுவதில் எனக்கு மறுப்பில்லை. அதைப் பட்டையின் மேல் அச்சிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

மழை உறை மட்டும் எங்கள் பக்கத்துத் தேவாலாவில் கொட்டும் மழைக்குத் தாங்காது. உள்ளே வாய்ப்பகுதியைச் சுருட்டிக் கட்டும் நீர்புகாப் பை ஒன்று வேண்டும். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், பல ஆண்டுகள் உழைக்கும் தடித்த பையாகவே அதை வாங்கிக்கொள்ளலாம். பையின் உட்புறத்தில் பூசப்பட்ட ரப்பர் போன்ற பூச்சு, ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டொரு மழைக்காலத்திலேயே பிசுபிசுத்து உரிந்துவிடும். கழுவி நிழலில் உலர்த்தி, மடிக்காமல் தொங்கவிடுவதற்கு ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அறை தேவைப்படுகிறது. ஜிப்பை நம்புவதைவிடக் கயிறு இழுத்து மூடும் வாயும் பெரிய பக்கிளும் மேல். கையுறையோடு, இருட்டில், ஒரே கையால் அந்தப் பக்கிளைக் கழற்ற முடிய வேண்டும். எதிரே காட்டு யானை வந்து நின்றால் பையைப் போட்டுவிட்டு ஓடுவதைத் தவிர வேறு வழி எங்களுக்கு இல்லை.

எனவே மாவட்ட நிர்வாகத்துக்கும், பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான அரசுத் திட்டமான 'ஆப்த மித்ரா'வில் பயிற்சி பெற்றவர்களை ஒருங்கிணைக்கும் அலுவலர்களுக்கும், நன்கொடை தர விரும்புவோருக்கும் ஒரு வேண்டுகோள். மொத்தக் கொள்முதலுக்கு முன் இரண்டு மூன்று வகைப் பைகளையும் வெஸ்ட்டுகளையும் மாதிரிக்கு ஒவ்வொன்றாக வாங்கி, உயரத்தில் மாறுபட்ட ஆண்களும் பெண்களும் கொண்ட ஒரு குழுவிடம் தாருங்கள். பத்துக் கிலோ ரேஷன் அரிசியை உள்ளே வைத்து, மழையில் ஒரு தேயிலைச் சரிவில் ஏறி இறங்கி, ஒரு முறை ஸ்ட்ரெச்சரையும் தூக்கிப் பார்த்து, எழுத்தில் கருத்துத் தருவோம். கூடலூரிலேயே தார்ப்பாயும் பையும் தைக்கும் தையல்காரர்கள் இருக்கிறார்கள். பட்டை மாற்றுவதும் பிடியை இரட்டைத் தையல் போட்டு உறுதிப்படுத்துவதும் அவர்களுக்கு ஒரு நாள் வேலை. ஜூன் முதல் வாரத்துக்குள் இதை முடிக்க வேண்டுமானால், மாதிரிகள் ஏப்ரல் இறுதிக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
மீட்புத் தன்னார்வலர் ஒருவர்,
சேரம்பாடி, பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.