93இலிருந்து ஒரு கடிதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது நிம்மதி. மகளுக்கு வேலை சரிவந்ததா என்று கேட்டிருந்தாய். சரிவந்துவிட்டது. ஆனால் வந்த விதத்தை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை.

கணக்கியல் படித்து முடித்து எட்டு மாதம் விண்ணப்பம் போட்டாள். ஒரு பதிலும் இல்லை. கடைசியில் பாரிஸ் புறநகரான எங்கள் லாக்கூர்னோவ் விலாசத்தை எடுத்துவிட்டு, பாரிஸ் 15ஆம் வட்டாரத்தில் இருக்கும் சித்தியின் விலாசத்தைப் போட்டாள். படிப்பு அதே, பெயர் அதே. இரண்டு கிழமைக்குள் மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். எங்கள் தபால் இலக்கம் 93 என்று தொடங்கும்; பாரிஸை ஒட்டிய ஏழைப் புறநகர் மாவட்டத்தின் இலக்கம் அது. அதைக் கண்டதும் தூக்கி வைத்துவிடுகிறார்கள் போல. வசிக்கும் இடத்தைப் பார்த்து ஆளை ஒதுக்கக்கூடாது என்று 2014இல் இங்கே சட்டமே வந்தது. வராத பதிலை வைத்துக்கொண்டு யாரிடம் போய் முறையிடுவது?

நான் வந்த காலத்தில் எனக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. மூன்றாம் நாளே, பாரிஸில் எங்கட ஆட்களின் கடைகள் நிறைந்த லாசப்பலில் கண்ட ஓர் அண்ணை கூட்டிப்போய் ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவ விட்டார். ஒரு குசினியில் ஆள் குறைந்தால் அன்றிரவே எங்கட ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அதுதான் எங்களை வாழவைத்தது, மறுக்கமாட்டேன். ஆனால் இருபது வருடம் கழித்தும் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் குசினியில்தான். ஓர் அலுவலகத்தில் இடம் காலியானால் என் காதில் போட யார் இருக்கிறார்கள்? பிள்ளைக்கு என்னால் கொடுக்க முடியாமல் போனது அதுதான் மச்சான்.

என்னோடு வேலை செய்யும் மாலி நாட்டுக்காரர் அதே 93இல் உள்ள கிளிஷி-சூ-புவாவில் இருக்கிறார். 2005இல் பொலிஸுக்குப் பயந்து துணை மின்நிலையத்துக்குள் ஒளித்த இரண்டு பொடியன்கள் இறந்து, கலவரம் தொடங்கிய ஊர். பாரிஸிலிருந்து 15 கிலோமீற்றர்தான். ஆனால் 2019 கடைசியில்தான் அங்கே டிராம் போனது. அதுவரை விடியமுதல் பஸ் ஏறித்தான் வருவார். பஸ் பிந்தியே ஒரு நல்ல வேலை கைவிட்டுப் போனது என்று இன்னும் சொல்லுவார்.

மகளின் சம்பளத் துண்டு இப்போதும் சித்தி வீட்டுக்குத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எடுத்து வருகிறாள். உண்மையான விலாசத்தை எப்போது சொல்வது என்று என்னைக் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நீ என்ன சொல்கிறாய்? எழுது.

உன் பழைய கூட்டாளி