ஈரோட்டில் உதவிய தம்பிக்கு

ஜெர்மனிக்குக் கிளம்பும் முந்தின நாள், ஈரோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல்போன் கடையில் ஊர் நம்பரை விட்டுவிடலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். ரீசார்ஜ் செய்ய வந்திருந்த நீங்கள்தான் தடுத்தீர்கள்: "வேண்டாமுங்க்கா, பேங்க் ஓடிபி எல்லாம் இதுக்குத்தானுங்க வரும்."

மஞ்சள் மண்டி ரசீதில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து சிம் ட்ரேயைத் திறந்தீர்கள். விரல் நுனியெல்லாம் மஞ்சள். வெளிநாட்டிலும் நம்பர் வேலை செய்ய ரோமிங்கைப் போட்டு, இன்டர்நெட்டுக்குக் காசு போகாமலிருக்க டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்தீர்கள். 90 நாள் தொடாமல் விட்டால் நம்பர் கைவிட்டுப் போகலாம், பேலன்ஸில் 20 ரூபாயாவது இருக்கட்டும் என்றீர்கள்.

நேற்று இரவு அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இங்கிருந்தே பணம் அனுப்பினேன். ஓடிபி உடனே வந்தது. அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றிங்க தம்பி.