உடற்கூறியல் ஆசிரியர்களுக்கு: அந்தத் தசைக்கீற்றை வெட்டச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

முதலாண்டில் எங்கள் மேசைக்கு வந்த உடலின் கெண்டைக்காலைத் திறந்தபோது, காஸ்ட்ரோக்நீமியஸ் என்னும் பெரிய ஆடுசதைத் தசைக்கு இரண்டு தலைகளுக்குப் (தசை எலும்பில் தொடங்கும் கிளைகளுக்குப்) பதில் மூன்று இருந்தன. சுண்டுவிரல் பருமனில் ஒரு தசைக்கீற்று தொடையெலும்பின் பின்பக்கத்தில் தொடங்கி, முழங்காலின் பின்குழி வழியே இறங்கி, உட்பக்கத் தலையோடு சேர்ந்தது. ஃபோர்செப்ஸால் தூக்கிக் காட்டினேன். "பரீட்சைக்கு வராது, வெட்டிவிட்டு மேலே போ" என்றார் ஆசிரியர். வெட்டினேன். முழங்காலின் பின்னால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பாப்லிட்டியல் தமனி அதற்கு அடியில் ஓடியதா, பக்கத்தில் ஓடியதா என்றுகூடப் பார்க்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

ஏனென்றால் அப்படிப்பட்ட ஒரு கீற்று தமனியை நெரிக்கக்கூடும். இப்படி ஒருவனை நினைத்துப் பாருங்கள்: சர்க்கரையும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை, நன்றாக ஓடும் பையன். ஓடினால் ஆடுசதை வலிக்கும், நின்றால் போய்விடும். சதைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தே வருடங்கள் ஓடிவிடும். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லி, பாதத்தில் நாடி பிடித்தால், சிலருக்கு அது மறைவது விரலுக்கே தெரியும். சரி, நல்ல ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு அப்படி மறையும். அதனால்தான் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படுகின்றன. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அந்தத் தசையை அறுத்து விடுவித்தாலே போதும். தாமதித்தால் தமனியின் சுவரே கெட்டு, ரத்தம் உறைந்து, காலுக்கே ஆபத்து.

1879-இல் எடின்பரோவில், அழுகிப்போய் வெட்டியெடுத்த ஒரு காலில், தமனி உட்பக்கத் தலையைச் சுற்றி வளைந்து ஓடியதைக் கவனித்து எழுதியவர் ஆண்டர்சன் ஸ்டூவர்ட். அப்போது அவர் மருத்துவ மாணவர். அவரிடம் யாராவது மேலே போ என்று சொல்லியிருந்தால்?

கணுக்காலின் உட்புறம் கட்டி போலத் தெரியும் கூடுதல் சோலியஸ் தசையும் (சோலியஸ் என்பது காஸ்ட்ரோக்நீமியஸுக்கு அடியில் இருக்கும் தசை) இப்படித்தான். புற்றுக்கட்டியோ என்று குடும்பமே நடுங்கிப்போகும், எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் வெறும் தசை. கெண்டைக்காலில் நீண்ட மெல்லிய நாண் கொண்ட பிளாண்டாரிஸ் தசை சிலருக்கு இருப்பதே இல்லை. வேறிடத்தில் அறுந்த நாணுக்குப் பதிலாக ஒட்டுவதற்கு அதன் நாணைத் தேடும் அறுவை மருத்துவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மேசைக்கு ஒரு நோட்டு வையுங்கள். எந்தக் கால், எங்கே தொடங்கி எங்கே சேர்கிறது, தமனிக்கும் நரம்புக்கும் எந்தப் பக்கம் என்று மாணவர்களே எழுதி, படம் வரையட்டும். அப்புறம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைக் கேளுங்கள், கேட்டால்தான் பார்ப்பார்கள். அந்த நோட்டை வருடக் கடைசியில் அறுவை சிகிச்சைத் துறைக்கும் அனுப்புங்கள். தன் உடலை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவரின் காலில் இருந்தது அது. எழுதாமல் வெட்ட நமக்கு உரிமை இல்லை.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன், இன்று ஒரு பொது மருத்துவன்