கடைக்கு வரும் எழுத்தாளருக்கு மேசை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் உள்ளூர் எழுத்தாளர்களைப் புத்தகக் கடைக்கு அழைத்து, வாசகர்கள் விருப்பம்போல் வந்து பேசிவிட்டுப் போக வைப்பது நல்ல காரியம். புதுச்சேரியிலும் கடலூரிலும் இது பெருக வேண்டும். ஆனால் வரவேற்புரை, முன்னிலை, பொன்னாடை, வாழ்த்துரை என்று கூட்டமாக நடத்தினால் இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது. நாற்காலிகள் அலமாரிகளை மறைத்துக் கிடக்கும். புத்தகம் வாங்க வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார்.

மேடை வேண்டாம். மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு மேசை, எழுத்தாளருக்கு ஒரு நாற்காலி, எதிரே வாசகருக்கு ஒன்று. சின்னக் கடையில் ஒரு நேரத்தில் இரண்டு மேசைக்கு மேல் போட்டால் நடக்க இடமிருக்காது. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் காலை 10.30 முதல் 1.30 வரை, மாலை 4 முதல் 7 வரை எட்டுப் பேர் வந்து போகலாம். மேசைகள் கடையின் உட்புறம் இருக்கட்டும். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டால் கையெழுத்துக்கு நிற்பவர்களும் பணம் கட்ட நிற்பவர்களும் முட்டிக்கொள்வார்கள்.

டிசம்பரில் பெரிய சிக்கல் புத்தகம் வந்து சேர்வதுதான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் பதிப்பகங்களும் அச்சகங்களும் அந்த வேலையிலேயே மூழ்கியிருக்கும். டிசம்பர் மூன்றாம் வாரம் கேட்டால் பத்துப் பிரதி வருவதே கடினம். நவம்பர் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும். வராவிட்டால் எழுத்தாளர் கையிலிருக்கும் பிரதிகளைத் தலைப்புக்குப் பதினைந்து என்று விற்பனைக்கு வாங்கி வைக்கலாம். தலைப்பு, விலை, எண்ணிக்கை, கடைக்கான கழிவு, கணக்கு முடிக்கும் தேதி ஆகியவற்றை இரண்டு படியில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு மனஸ்தாபம்தான் மிச்சம். 30 சதவீதக் கழிவு நியாயம் என்பது எங்கள் கருத்து. 200 ரூபாய் புத்தகத்தை வாசகருக்குப் பத்து சதவீதம் குறைத்து 180-க்குக் கொடுத்தால் எழுத்தாளருக்கு 140, கடைக்கு 40. எல்லாப் பணமும் கடையின் க்யூஆர் வழியாகவே வரட்டும். எழுத்தாளரின் கைபேசிக்குப் பாதி போனால் இரவில் இருப்பும் பணமும் ஒத்துப்போகாது.

பலர் கவனிக்காத ஒன்று: பதிப்பகத்திலிருந்து வந்த பிரதியில் எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே பில் போட்ட பிறகே கையெழுத்து. பெயரை வாசகரே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். சண்முகப்பிரியாவா ஷண்முகப்ரியாவா என்ற குழப்பத்தில் ஒரு பிரதி வீணாகக் கூடாது. மழைக்காலத்தில் ஜெல் பேனா மை காய நேரமாகும், எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பால்பாயின்ட் பேனாவே பாதுகாப்பு.

நாள் குறிப்பதிலும் யோசனை தேவை. டிசம்பர் 31 வேண்டவே வேண்டாம். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் வண்டியே நகராது. புதுச்சேரி காந்தி வீதிப் பக்கம் கடை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சரிப்படாது, சண்டே மார்க்கெட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. விடுமுறை தொடங்கியதும் வரும் சனிக்கிழமை நல்லது. மாற்று நாள் ஒன்றையும் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். தானே புயல் இந்தக் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-இல்தான். புத்தகக் கட்டுகள் தரையில் இருக்கக் கூடாது, குடைகளுக்கு வாசலுக்கு வெளியே ஒரு வாளி.

பிள்ளைகளுக்குப் பாய் விரித்து அரை மணி நேரம் கதை சொல்லலாம். பதினைந்து பேருக்கு மேல் போனால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது; மைக் வைத்தால் மேசையில் பேச்சு நின்றுவிடும்.

அன்றோடு முடிந்துவிடவும் கூடாது. ஒவ்வொரு தலைப்பிலும் மூன்று பிரதியை நிறுத்திக்கொண்டு, புதுச்சேரியில் வாழ்ந்த எழுத்தாளர்கள் பிரபஞ்சன், கி.ரா. புத்தகங்கள் இருக்கும் தட்டிலேயே வையுங்கள். அவர்களைத் தேடி வருபவர் கண்ணில் இன்று புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ எழுதிக்கொண்டிருப்பவரும் படுவார்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இத்தகைய நாள்களைப் போடும்போது தலைமை, முன்னிலைப் பெயர்களை விட்டுவிட்டு, எந்த எழுத்தாளர் எத்தனை மணிக்கு இருப்பார், அவருடைய புத்தகம் எது என்று மட்டும் போட்டால் உதவியாக இருக்கும். ஐந்து வரி போதும்.

இப்படிக்கு,
புத்தக விற்பனையில் உள்ள சில வாசகர்கள்,
புதுச்சேரி.