மூடி வைத்தால்தான் படுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் பாதி நாள் மெக்கானிக் ஷெட்டில்தான் கிடக்கும் என்று எழுதியிருந்தீர்கள். முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். பதினோரு வருடமாக அப்படி ஒன்றை ஓட்டுகிறேன். உறை போட்டு மூடி வைத்த மாதங்களில்தான் அது அதிகம் படுத்தியது, கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், ரப்பர் சீல்கள் இறுகிப்போகும்.

டைமிங் பெல்ட்டில், அதாவது பிஸ்டனோடு தாளம் தப்பாமல் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பட்டையில், மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 1966-இல் வந்த ஃபியட் 124 ஸ்பைடரிலேயே, இத்தாலியப் பொறியாளர் லாம்ப்ரெடி வடிவமைத்த எஞ்சினில், சங்கிலிக்குப் பதில் ரப்பர் பெல்ட்தான். வண்டி ஓடாவிட்டாலும் பெல்ட்டுக்கு வயதாகும். ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் மோதும், அதோடு கதை முடிந்தது. ஃபெராரி எஃப்355-இல் பெல்ட் மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும், அதையும் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் மின்கோளாறு. என் வண்டியில் ஹெட்லைட் மினுக்கியது. மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரை மாற்றி, பேட்டரியை மாற்றி, கடைசியில் பார்த்தால் எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில் நகக்கண் அளவு துரு! உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, சரியாகிவிட்டது. கழற்றிய ஆல்டர்னேட்டர் இன்னும் பரணில் சும்மா கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்