வயிறு இல்லப்பா, கீழே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது, வரி கோணினால் பொறுத்துக்கொள்.

எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாய். அதற்காகத்தான் கடிதமே எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா? "பையனுக்கு 12 ஆகப்போகிறது. நீ உன் பையனிடம் அந்த விஷயமெல்லாம் எப்படிப் பேசினாய்?"

ஒழுங்காகப் பேசவில்லையடா. ஒரு ஞாயிறு மத்தியானம் எதிரே உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். விந்தணு, கருமுட்டை, கருப்பை என்று எல்லாம் பாடப்புத்தகத் தமிழ். அவன் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் "போகட்டுமாப்பா?" என்றான். வேலை முடிந்ததென்று நானும் எழுந்துவிட்டேன்.

அடுத்த வருஷம், அவனுக்கு 13 நடக்கும்போது, ஒரு ராத்திரி வயிற்றுவலி என்றான். இரண்டு தடவை வாந்தி. அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துப் படுக்கச் சொன்னோம். இரண்டு மணி நேரம் கழித்துக் குளியலறை வாசலில் நின்று, சுவரைப் பார்த்தபடி, "வயிறு இல்லப்பா, கீழே" என்றான். உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். விதைப்பைக்குள் இருக்கும் விதை முறுக்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் கொடி திருகிப் போனால் ரத்த ஓட்டம் நின்றுவிடுமாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், அதற்குமேல் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறையும் என்றார் மருத்துவர். 12 முதல் 18 வயதுக்குள்தான் அதிகம் வருமாம். தப்பித்தோம். மறுபக்கமும் திருகாதபடி தைத்துவிட்டார்கள்.

"ஏன்டா முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன். "அதுக்கு என்னன்னு சொல்றது? நம்ம வீட்ல யாரும் அந்த வார்த்தைய சொன்னதே இல்லையே" என்றான். அரை மணி நேரம் நான் பேசியதில் அவனுக்கு உதவக்கூடிய ஒரு சொல்கூட இல்லை.

அதற்குப் பிறகு உட்காரவைத்துப் பேசுவதை விட்டுவிட்டேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது இரண்டு நிமிஷம், துணி மடிக்கும்போது மூன்று நிமிஷம். முகத்துக்கு முகம் பார்க்காவிட்டால் அவனுக்கும் வாய் திறக்கிறது, எனக்கும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயில்லை என்று உன் பையனிடம் இப்போதே சொல்லிவிடு. எட்டாம் வகுப்பில் நாம் இரண்டு பேரும் ஏதோ தீராத வியாதி என்று நடுங்கித் திரிந்தது மறந்துவிட்டதா? மார்புக் காம்பின் அடியில் கட்டிபோல வீங்கலாம் என்பதையும் சொல். பாதிப் பையன்களுக்கு அந்த வயதில் வரும், ஓரிரு வருஷத்தில் பெரும்பாலும் தானே போய்விடும். என் பையன் அதை மறைக்க ஒரு கோடை முழுக்க நீச்சலுக்குப் போகவில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது.

பேசினால் நாமே தூண்டிவிட்டதாகாதா என்று உன் மனைவி பயப்படுவதாக எழுதியிருந்தாய். என் வீட்டிலும் இதே பேச்சுதான். யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லிக்கொடுப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் இறங்குவதில்லை என்றுதான் அதில் இருக்கிறது. அவளிடம் காட்டு.

சின்னவளுக்கு 9 என்றாயே, அவளை விட்டுவிடாதே. மார்பு வளரத் தொடங்கி இரண்டு மூன்று வருஷத்தில் முதல் மாதவிடாய் வரும். ரத்தத்தைப் பார்த்துப் பயந்தபிறகு சொல்வதைவிட முன்னாலேயே சொல்வது நல்லது. முதல் ஓரிரு வருஷம் தேதி முன்பின்னாகும், 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். இதை அவள் அம்மா தலையில் மட்டும் கட்டாதே. பையனுக்கும் தெரியட்டும், தங்கச்சியைக் கேலி செய்யமாட்டான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவரிடம் கேட்டுவிடு.

போன் விஷயம் தனிக்கதை. ஒருநாள் வண்டியில் என் பையன், "நண்பன் ஒரு வீடியோ காட்டினான்பா, அதெல்லாம் நிஜமாவே அப்படித்தானா?" என்றான். கத்தத்தான் வாயெடுத்தேன். நல்லவேளை ஹெல்மெட் போட்டிருந்தேன், என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. "அது நடிப்புடா. அந்தப் பொண்ணுக்கு விருப்பமான்னு அதுல யாராவது கேட்டாங்களா?" என்றேன். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவனே இன்னொரு கேள்வியோடு வந்தான்.

இப்போது அவனுக்கு 15. ஆணுறை பற்றி மட்டும் இன்னும் பேசவில்லை. மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் பேச்சு எப்படியோ சைக்கிள் செயினில் போய் முடிந்தது. நீ எனக்கு முந்திக்கொண்டால், எப்படி ஆரம்பித்தாய் என்று எழுது.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்