கல்விப் பயணத்தில் வன்னிக்கு ஒரு நாள் கொடுங்கள்

இலங்கைக் கல்விப் பயணத்தை ஏற்பாடு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய பயண நிரலைப் படித்தேன். ‘போருக்குப் பின் ஒரு நாடு மீண்ட கதை’ என்று தலைப்பு. பாதிக்கு மேல் கொழும்பு. தாமரைக் கோபுரம், துறைமுக நகரம். யாழ்ப்பாணத்துக்கு ரயில், அங்கே நூலகத்தை ஒரு சுற்று. போர் கடுமையாக நடந்த வட இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள கிளிநொச்சிக்கு நேரே ‘மதிய உணவு’ என்று மட்டும் இருக்கிறது.

வரலாற்று ஆசிரியர்கள் கிளிநொச்சியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாமா?

1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014இல் மறுபடியும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும், 1981இல் எரிக்கப்பட்ட நூலகம் திரும்ப எழுந்ததும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவைதான். ஆனால் அதே கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயில் முன்பு, 2017 பிப்ரவரி 20 அன்று தாய்மார்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். போர் முடிந்த 2009 மே மாதம், முல்லைத்தீவை அடுத்த வட்டுவாகலில் தங்கள் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது. பதில் வரவில்லை. இழப்பீடு தருகிறோம் என்றார்கள், பலர் மறுத்துவிட்டார்கள். வாங்கினால், பிள்ளை இறந்துவிட்டான் என்று பெற்றவளே கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடுமே! திவசம் கொடுக்கவும் மனம் வராது. காணாமல் போனவரின் மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா? அதற்குக்கூட அங்கே விடையில்லை. கேட்டுக் கேட்டே பலர் இறந்துபோனார்கள்.

இவர்களிடம் பேச ஒரு நாள் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சிங்கப்பூரர்களான நமக்கு இது விளங்காத துயரமல்ல. 1942இல் ஜப்பானியப் படை இங்கே சீனர்களைக் கொன்று குவித்த சூக் சிங் படுகொலையில் இறந்தவர்களின் எலும்புகளை 1962இல் சிக்லாப்பில் தோண்டி எடுத்தோம். பீச் ரோட்டில் நினைவுச்சின்னம் எழுப்பி, அதன் அடியில் வைத்தோம். 1967 பிப்ரவரி 15 அன்று அதைத் திறந்தோம். வீடுகளும் தொழிற்சாலைகளும் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அதையும் செய்தோம். யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் 2025இல்கூட மண்ணுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் வந்தன, குழந்தைகளுடையவையும். இதைப் பார்க்காமல் எந்த மீட்சியைப் படிக்கப் போகிறோம்?

நடுநிலை கெடும் என்று சிலர் தயங்குவது தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்கச் சொல்லவில்லை. 1990இல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கேட்போம். புலிகள் பிடித்துக்கொண்டுபோன சிறுவர்களின் பெற்றோரை, சிப்பாய் மகனைப் பறிகொடுத்த சிங்களத் தாயைக் கேட்போம். யாரையுமே கேட்காமல் இருப்பது நடுநிலை ஆகாது.

பல ஆண்டுகள் நம் உயர்நிலை மாணவர்கள் சமூகவியல் பாடத்தில் இலங்கையைப் படித்தார்கள். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 சட்டம், தமிழ் மாணவர்களின் பல்கலைக்கழக இடங்களைக் குறைத்த தரப்படுத்தல் என்று காரணங்களை வரிசைப்படுத்தி மதிப்பெண் வாங்கினார்கள். அந்தக் காரணங்கள் யார் தலையில் விடிந்தன என்று கேட்க வகுப்பில் நேரமே இருந்ததில்லை. எதைத் தொட்டாலும் தேர்வு விடையாக்கிவிடும் நம் பழக்கம் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. இந்த மடலில் வேண்டாம்.

கொழும்பில் ஒரு நாளைக் குறைத்து வன்னிக்குக் கொடுங்கள். அந்தக் குடும்பங்களின் சம்மதத்தை முதலில் கேளுங்கள். அவர்களைக் கண்காணிக்கும் கண்கள் அங்கே உண்டு. அதனால் படம் எடுக்க வேண்டாம். அவர்கள் மறுத்தால் வற்புறுத்தவும் வேண்டாம். நிரல் முடிவாகும் முன் உங்கள் பதிலைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயர்நிலைப்பள்ளி வரலாற்று ஆசிரியை,
சிங்கப்பூர்